அறுபத்தாறு சதவீதத்தில் ஒரு கோடு

வெருலமில், டாக்சி நிலையத்துக்கு எதிரே,
சாவி வெட்டும் சிபுசீசோவுக்கும் கோழிக்கடைக்கும் நடுவில்
என் கடை.
அடையாள அட்டைப் படம் என்றால் நாற்காலி உண்டு.
கருமாதிப் படத்துக்கு ஸ்கேனர் போதும்.

மென்பொருள் இரண்டாயிரத்து ஏழில் குறுந்தட்டாக வாங்கியது.
மாதாமாதம் வாடகை கேட்கும் புதியது எனக்குக் கட்டாது.
திரை மட்டும் போன ஜூலையில் மாற்றினேன்.
வந்தது வினை.

முதலில் எழுத்தெல்லாம் எறும்பானது.
எது சேமி, எது மூடு என்று
மூக்கு கண்ணாடியில் இடிக்கப் படித்தேன்.
பண்புகளுக்குள் போய், அதற்குள் ஒரு கதவைத் திறந்து,
ஒரு கட்டத்தில் டிக் போட்டதும்
எறும்புகள் வளர்ந்தன,
பாதித் தூக்கத்தில் எழுப்பிவிட்ட பிள்ளைகளாய்
கொஞ்சம் மங்கலாக.

அப்புறம் கறுப்புச் சதுரங்கள்.
தூரிகையை இழுத்த பக்கமெல்லாம் பின்னாலேயே வந்தன,
மணப்பெண்ணின் கழுத்தில், கேக்கின் மேல், பாதிரியார் நெற்றியில்.
கிராபிக்ஸ் முடுக்கத்தை அணைத்தேன்.
குறைந்தன, போகவில்லை.
மூன்று விசைகளை ஒருசேர அமுக்கியபடி திறந்தால்
தன் பழக்கங்களை எல்லாம் அது மறந்துவிடுமாம்.
மறந்தது.
சதுரங்கள் போயின, கூடவே என் சென்டிமீட்டர்களும்.
எதைக் கேட்டாலும் இப்போது அங்குலத்தில்தான் பதில்.

வியாழக்கிழமை ரூபி மூனசாமி வந்தாள்.
பஸ் ஓட்டிய கணவர், பஸ்ஸோடு ஒட்டி நின்ற ஒரே படம்.
பஸ்ஸை வெட்டிவிட்டு முகத்தை மட்டும் கேட்டாள்,
சனிக்கிழமை பூஜைக்கு.

திரையில் அவர் முகம் நிரம்பியதும் பார்த்தேன்:
காதோரத்தில் புறப்பட்டு முகவாய்வரை
மயிரிழையில் ஒரு கோடு.
நாலு மணிக்குக் கரண்ட் போகும், அட்டவணை சொல்கிறது.
இரண்டு மணிக்கு உட்கார்ந்தேன்.
பக்கத்துத் தோலை எடுத்து அதன்மேல் பூசினேன்.
பூசிய இடத்துக்குப் பக்கத்தில் மறுபடி கோடு,
அங்கேயும் பூசினேன்.
வழியில் கிடந்த ஒரு தூசியையும் துடைத்தேன்.
பேட்டரி கீச்சுக் கீச்சென்று கத்தும்போது சேமித்து,
இருட்டில் உட்கார்ந்து ஒரு சமோசா தின்றேன்,
பெரிய வேலை முடித்தவளாய்.

மறுநாள் படத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்
வெகுநேரம் பார்த்தாள் ரூபி.
ஆங்கிலத்தில்தான் பேசினாள்,
ஒரு சொல்லைத் தவிர.
"மச்சம்" எங்கே?

உட்காரச் சொல்லிவிட்டு
ஸ்கேன் செய்த முதல் கோப்பைத் திறந்தேன்.
அறுபத்தாறு சதவீதத்தில் கோடு இருந்தது.
நூறுக்குப் போனேன். இல்லை.
ஐம்பதுக்கு இறங்கினேன். இல்லை.
மறுபடி அறுபத்தாறு.
இருந்தது, நேற்றைய அதே இடத்தில், ஆணி அடித்ததுபோல்.

படத்தைச் சுருக்கிக் காட்டும்போது
துண்டோடு துண்டை ஒட்டத் தெரியாத கிழட்டு மென்பொருள்
தன் தையலை எனக்குக் காட்டியிருக்கிறது.
நானோ அதை அவர் கன்னத்தில் தேய்த்துத் தேய்த்து
இல்லாததை அழிக்கப் போய்
இருந்ததை அழித்திருக்கிறேன்.

மிளகளவு மச்சம், நூறு சதவீதத்தில்,
முகவாய்க்கு இரண்டு விரல் மேலே
சும்மா உட்கார்ந்திருந்தது.

புதிதாக அச்சடித்தேன், காசு வேண்டாமென்றேன்.
அவள் இரண்டுக்கும் கொடுத்தாள்.
கெட்டுப்போனது எதற்கு என்றேன்.
"மச்சமில்லாமல் இவர் தம்பி மாதிரியே இருக்கிறார்.
அவர் எப்போதும் படத்துக்கு நிற்க மாட்டார்,
வீட்டில் மாட்டிவைத்துத் திட்டலாம்" என்றாள்.
சிரித்தாளா என்று தெரியவில்லை,
கதவுப் பக்கம் திரும்பியிருந்தாள்.

மஞ்சள் தாளொன்றில்,
ஞாயிறு வகுப்பில் பாதியில் விட்ட எழுத்துகளால்,
நூறில் பார், பிறகு தொடு
என்று எழுதித் திரையின் விளிம்பில் ஒட்டினேன்.
சில்லறை மாற்ற வந்த சிபுசீசோ
அது என்ன கோலம் என்று கேட்டான்.

விலைப்பட்டியல் என்றேன்.